சூனியத்துக்கும் நித்தியத்துக்கும் நடுவே: ஒரு மேடை இசைத்தட்டும் அதன் ரசிகர்களும்

1973 நவம்பரில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'பிட்வீன் நத்திங்னெஸ் அண்ட் எடர்னிட்டி', மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் மூன்றாவது இசைத்தட்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நடந்த கச்சேரியிலிருந்து எடுத்த மூன்று உருப்படிகள் மட்டுமே அதில் உள்ளன. மொத்தம் ஏறக்குறைய 42 நிமிடம். பாட்டு கிடையாது, பேச்சும் கிடையாது. வெளிவந்தபோது அது அரைகுறை வரவேற்பையே பெற்றது. அதற்கு முந்தைய இரண்டு ஸ்டுடியோ இசைத்தட்டுகளைக் கொண்டாடியவர்கள்கூட இதை ஒரு பின்குறிப்பாகவே வைத்தார்கள். ஆனால் இந்தக் குழுவை விடாமல் கேட்டுவரும் ரசிகர்களிடையே ஐம்பது ஆண்டுகளாக இதன் மீது தனியான ஒரு பற்று நிலைத்திருக்கிறது. அந்தப் பற்றுக்குத் தக்க காரணங்கள் உண்டு. அவற்றைப் பார்க்குமுன் குழுவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜான் மெக்லாஃப்லின் 1942இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள டான்காஸ்டரில் பிறந்த கிடார் கலைஞர். 1969இல் டிரம்ஸ் மேதை டோனி வில்லியம்ஸின் 'லைஃப்டைம்' குழுவில் சேர நியூயார்க் வந்தார். வந்த சில நாட்களிலேயே ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஒலிப்பதிவுகளில் வாசிக்கும் வாய்ப்பும் கிடைத்தது. ஜாஸ் இசை மின்னொலிக்கு மாறிய காலம் அது. மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலன்ட் வே', 'பிட்சஸ் ப்ரூ' இரண்டிலும் மெக்லாஃப்லினின் கிடார் உண்டு. தமக்கென ஒரு குழு வேண்டும் என்று 1971இல் அவர் திரட்டியதுதான் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா.

உடன் சேர்ந்த நால்வரும் நான்கு திசைகளிலிருந்து வந்தவர்கள். டிரம்ஸ் வாசித்த பில்லி காபம் பனாமாவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். கீபோர்டு வாசித்த யான் ஹாமர் பிராக் நகரத்துக்காரர். 1968இல் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த பிறகு அமெரிக்காவுக்கு வந்தவர், சாரா வான் என்ற பெரும் ஜாஸ் பாடகிக்குப் பக்கவாத்தியமாகப் பியானோ வாசித்தவர். வயலின் வாசித்த ஜெர்ரி குட்மேன் சிகாகோவின் 'தி ஃப்ளாக்' என்ற ராக் குழுவிலிருந்து வந்தார். பேஸ் கிடார் வாசித்த ரிக் லேர்ட் டப்ளினில் பிறந்து, லண்டனின் ரோனி ஸ்காட் ஜாஸ் அரங்கில் வருகிற கலைஞர்களுக்கெல்லாம் வாசித்துத் தேர்ந்தவர். கூட்டத்தில் அதிகம் கவனிக்கப்படாதவர் லேர்ட். மற்ற நால்வரும் தீப்பறக்க வாசிக்கும்போது தரையில் ஊன்றி நின்றவர் அவர் ஒருவரே. அவர் இல்லாமல் இந்த இசை நின்றிருக்காது.

குழுவின் பெயர் மெக்லாஃப்லினின் குரு ஸ்ரீ சின்மாய் அவருக்குச் சூட்டிய பெயரிலிருந்து வந்தது. வங்காளத்தில் பிறந்த சின்மாய், 1944 முதல் 1964 வரை புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் வாழ்ந்து, பின் நியூயார்க்கில் குடியேறியவர். இந்த மூன்றாம் இசைத்தட்டின் தலைப்பும் அவருடைய கவிதையிலிருந்து எடுத்ததுதான். சூனியத்துக்கும் நித்தியத்துக்கும் நடுவே என்பது அதன் பொருள். குழுவில் மெக்லாஃப்லின் ஒருவரே அவருடைய சீடர். மற்ற நால்வருக்கும் அந்த ஈடுபாடு இல்லை. பின்னால் வந்த மனக்கசப்புக்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

1971இல் வெளிவந்த 'தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்', 1973 தொடக்கத்தில் வந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' இரண்டும் அன்றைய இசை உலகத்தை உலுக்கின. ராக் இசையின் பேரொலி, ஜாஸின் மனோதர்மம், கிழக்கு ஐரோப்பிய நாட்டார் இசையின் சாயல், இந்திய இசையின் கணக்கு ஆகிய நான்கையும் ஒரே வேகத்தில் ஓட்டிச் சென்ற குழு அதற்குமுன் இருந்ததில்லை. 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' என்ற உருப்படி 18 அட்சரத்தில் சுழல்கிறது. 'ஒன் வேர்ட்' 13இல் ஓடுகிறது. 'தி டான்ஸ் ஆஃப் மாயா'வின் தொடக்கம் 10இல் அமைந்தது. கண்ட நடையும் சங்கீர்ண நடையும் பழகிய காதுக்கு இந்த எண்கள் வியப்பாக இராது. நாலு நாலாகவே எண்ணிப் பழகிய ராக் ரசிகருக்கு அவை புது உலகம். 'ஒன் வேர்ட்' உருப்படியில் கிடார், வயலின், கீபோர்டு மூன்றும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டே அளவைச் சுருக்கிக்கொண்டு வரும் இடம், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைப்பு வாசிப்பதை நேரே நினைவூட்டும். அது தற்செயல் இல்லை. மெக்லாஃப்லின் அந்தக் காலத்தில் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை பயின்றார். அங்கே அவருக்குப் பாடம் சொன்னவர் டாக்டர் எஸ். ராமநாதன்.

'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 15ஆம் இடம்வரை ஏறியது. பாட்டே இல்லாத, தாளம் போடவே தடுமாற வைக்கும் ஓர் இசைத்தட்டுக்கு அது பெரிய உயரம். மூன்றாவது இசைத்தட்டு அதையும் தாண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

அதைச் செய்யத்தான் 1973 ஜூன் மாதத்தில் ஐவரும் லண்டனின் டிரைடன்ட் ஸ்டுடியோவில் கூடினார்கள். ஒலிப்பொறியாளர் கென் ஸ்காட். ஆறு உருப்படிகள் பதிவாயின. ஆனால் அதற்குள் குழுவில் விரிசல் கண்டிருந்தது. முதல் இரண்டு இசைத்தட்டுகளிலும் எல்லா உருப்படிகளையும் இயற்றியவர் என்று மெக்லாஃப்லினின் பெயர் ஒன்றே அச்சாகியிருந்தது. ஒத்திகையில் தாங்கள் தந்த பங்குக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்ற குறை மற்றவர்களுக்கு இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சியாக டிரைடன்ட் பதிவில் ஹாமரின் 'சிஸ்டர் ஆன்ட்ரியா', குட்மேனின் 'ஐ வொன்டர்', லேர்டின் 'ஸ்டெப்பிங்ஸ் டோன்ஸ்' ஆகியவையும் இடம்பெற்றன. ஆயினும் பதிவு முடிந்தபோது அதை வெளியிடுவதில் ஐவருக்கும் ஒருமித்த மனம் இல்லை. நாடாக்கள் பெட்டிக்குள் போயின.

நிறுவனத்துக்கோ ஓர் இசைத்தட்டு வேண்டியிருந்தது. அதற்குக் கைகொடுத்தது ஆகஸ்ட் மாதத்துச் சென்ட்ரல் பார்க் கச்சேரி. குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தளமாக இருக்கும் வோல்மன் ரிங்க், அந்நாளைய கோடைக்காலங்களில் ஷேஃபர் மது ஆலையின் ஆதரவோடு நடந்த இசை விழாவுக்குத் திறந்தவெளி அரங்கமாக மாறியது. நுழைவுச் சீட்டு மலிவாக இருந்தது. மாணவர்களும் வேலை முடிந்து வருகிறவர்களும் திரண்ட இடம். அங்கே வாசித்ததிலிருந்து, டிரைடன்டில் பதிவாகி வெளிவராமற்போன ஆறில் மூன்றை மட்டும் எடுத்து இசைத்தட்டாக்கினார்கள். முதல் பக்கத்தில் 'டிரிலஜி', 'சிஸ்டர் ஆன்ட்ரியா'. இரண்டாம் பக்கம் முழுவதும் 'ட்ரீம்'.

இந்த வரலாறு தெரியாமல் இசைத்தட்டை மதிப்பிட முடியாது. வழக்கமான மேடைப் பதிவு, ரசிகருக்கு முன்பே பழகிய உருப்படிகளைக் கூட்டத்தின் ஆரவாரத்தோடு திருப்பித் தருவது. இங்கே அப்படிப் பழகியது எதுவுமே இல்லை. வாங்கியவர்கள் மூன்று புதிய உருப்படிகளை, மூலப் பதிவு என்று ஒன்றைக் கேளாமலேயே, அவற்றின் விரித்த வடிவத்தில் முதல்முறையாகக் கேட்டார்கள். கீர்த்தனையின் சாகித்யத்தைக் கேட்காதவருக்கு நிரவல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்த நிலைதான் 1973இல் இதைக் கேட்டவர்களுக்கும் நேர்ந்தது. உருப்படி எது, அதன் மேல் எழுந்த மனோதர்மம் எது என்று பிரித்துப் பார்க்க அவர்களிடம் அளவுகோல் இல்லை. 'நீளமாக இருக்கிறது', 'முரட்டுத்தனமாக இருக்கிறது' என்று எழுந்த குறைகளுக்கு இதுவே வேர்.

முதல் உருப்படியான 'டிரிலஜி' மூன்று பகுதிகள் கொண்டது: 'தி சன்லிட் பாத்', 'லா மேர் த லா மேர்', 'டுமாரோஸ் ஸ்டோரி நாட் த சேம்'. மொத்தம் 12 நிமிடம். பன்னிரண்டு தந்திக் கிடாரின் தனித்தனிச் சுரங்கள் அடுக்கடுக்காக விழ, அதன் மேல் வயலினும் கீபோர்டும் படர்கின்றன. நடுப்பகுதி அமைதியானது. குட்மேனின் வயலின் இழையும் இந்த இடம், இசைத்தட்டிலேயே மென்மையான பகுதிகளில் ஒன்று. மூன்றாம் பகுதியில் மறுபடி வேகம். மெக்லாஃப்லின், ஹாமர், குட்மேன் மூவரும் ஒரே சொற்கட்டை ஒரே மூச்சில் வாசிக்கும் இடங்களில், எது கிடார், எது வயலின், எது கீபோர்டு என்று பிரித்தறிவது கடினம். ஹாமர் கையாண்ட மினிமூக் என்ற சிந்தசைசரில் சுரத்தை வளைக்க ஒரு சக்கரம் உண்டு. அதை இடது கையால் உருட்டி, வீணையில் தந்தியை இழுப்பதுபோல் அவர் சுரங்களை இழுத்தார். கட்டை வாத்தியத்தில் கமகம் வராது என்ற வரம்பை அவர் அப்படித்தான் கடந்தார். கிடார் கலைஞர்கள் பலரும் பின்னால் அவரிடமிருந்து கற்றார்கள் என்பதும், ஜெஃப் பெக் அவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு 1977இல் மேடை இசைத்தட்டே வெளியிட்டார் என்பதும் அந்தத் திறமைக்குச் சான்று.

'சிஸ்டர் ஆன்ட்ரியா' எட்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகம். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் இசைத்தட்டில் மெக்லாஃப்லின் அல்லாத ஒருவர் பெயரில் வந்த முதல் உருப்படி இதுவே. ப்ளூஸும் ஃபங்க்கும் கலந்த, இடுப்பை அசைக்க வைக்கும் நடை. மற்ற இரண்டும் வானத்தைப் பார்த்து எழுதியவை என்றால் இது தெருவைப் பார்த்து எழுதியது. இந்த நடையைக் குழு மேலும் வளர்த்திருந்தால் எங்கே போயிருக்கும் என்ற ஏக்கம், இதைக் கேட்கும்போதெல்லாம் ரசிகருக்கு எழுவது இயல்பு.

இசைத்தட்டின் உயிர் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. 'ட்ரீம்' டிரைடன்ட் ஸ்டுடியோவில் பதிவானபோது ஏறக்குறைய 11 நிமிடம். சென்ட்ரல் பார்க்கில் அது 21 நிமிடத்தைத் தாண்டியது. எல்பி இசைத்தட்டின் ஒரு பக்கம் தாங்கும் அளவு ஏறக்குறைய அவ்வளவுதான். மெல்லத் தொடங்குகிறது. கிடாரும் எலெக்ட்ரிக் பியானோவும் வயலினும் அவசரமில்லாமல் ஒன்றையொன்று தேடிக்கொள்கின்றன. ஆலாபனையின் முதல் சில நிமிடங்களில் வித்வான் ராகத்தின் எல்லைகளைத் தொட்டுப் பார்ப்பாரே, அந்தப் பொறுமை இங்கே இருக்கிறது. பிறகு லேர்டின் பேஸ் ஒரு பிடியைப் பற்றிக்கொள்ள, காபம் உள்ளே வருகிறார். அங்கிருந்து வேகம் படிப்படியாக ஏறுகிறது.

நடுவே மற்றவர்கள் ஒதுங்க, கிடாரும் டிரம்ஸும் மட்டும் நேருக்கு நேர் நிற்கும் இடம் வருகிறது. மெக்லாஃப்லின் வீசும் ஒவ்வொரு சொற்கட்டையும் காபம் பிடித்துத் திருப்பி வீசுகிறார். இரண்டு பேஸ் டிரம்களைக் கால்களால் ஓட்டிக்கொண்டே கைகளில் வேறு கணக்கை வாசிக்கும் அவருடைய ஆற்றல் ஸ்டுடியோ பதிவுகளிலும் உண்டு. ஆனால் எதிராளியின் அடுத்த சொல் என்ன என்று தெரியாமல் வாசிக்கும்போது பிறக்கும் கூர்மை இந்த மேடைப் பதிவில்தான் முழுதாகக் கேட்கிறது. இந்த உருப்படியின் போக்கில் கிரீம் குழுவின் 'சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்' பாட்டின் புகழ்பெற்ற கிடார் பிடி திடீரென்று தலைகாட்டும். அந்தப் பிடி அக்குழுவின் ஜாக் புரூஸுடையது. அவரோடு மெக்லாஃப்லின் அறுபதுகளின் தொடக்கத்தில் கிரஹாம் பாண்ட் குழுவில் வாசித்தவர், பின்னர் லைஃப்டைம் குழுவிலும் சேர்ந்து வாசித்தவர். நண்பரை நினைவூட்டும் இடம் அது. ஸ்டுடியோவில் இத்தகைய விருந்தாளிக்கு இடம் இராது. ரசிகர்கள் இந்த இசைத்தட்டை நேசிப்பதற்கு ஒரே ஒரு இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டுமானால் இதையே சுட்டலாம்.

குறைகளும் இருக்கின்றன. திறந்தவெளியில், மிக உரத்து வாசித்த ஒரு குழுவை அன்றைய கருவிகளால் பதிவு செய்ததால், பேஸும் டிரம்ஸும் சில இடங்களில் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. கென் ஸ்காட் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்'இல் தந்த பளிங்குத் தெளிவு இங்கே இல்லை. 'டிரிலஜி'யைப் பொறுத்தவரை, பின்னால் வெளிவந்த ஸ்டுடியோ வடிவமே மேலானது என்று ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. அதன் அடுக்குகள் அங்கே தனித்தனியாகக் கேட்கின்றன. 'ட்ரீம்' கதை வேறு. ஸ்டுடியோ வடிவம் வரைபடம், மேடை வடிவம்தான் பயணம்.

விற்பனையில் இசைத்தட்டு அமெரிக்கப் பட்டியலின் 41ஆம் இடத்தோடு நின்றது. அது கடைகளுக்கு வந்த சில வாரங்களிலேயே குழுவும் இல்லாமற்போனது. 1973 டிசம்பர் 30 அன்று டெட்ராய்ட் நகரில் ஐவரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். இசைத்தட்டுக்கு ஆதரவாகக் குழு ஊர் ஊராகப் போய் வாசிப்பதுதான் அன்றைய விற்பனை முறை. குழுவே இல்லாத இசைத்தட்டுக்கு யார் வாசிப்பார்கள்? அதோடு, காபம் தனியாகச் செய்த 'ஸ்பெக்ட்ரம்' அதே இலையுதிர் காலத்தில் வெளிவந்து ரசிகர்களின் கவனத்தை இழுத்துக்கொண்டது. ஹாமரும் குட்மேனும் 1974இல் 'லைக் சில்ட்ரன்' என்ற இசைத்தட்டைச் சேர்ந்து செய்தார்கள். மெக்லாஃப்லின் அதே ஆண்டு புதிய ஆட்களோடும் லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவோடும் 'அபாகலிப்ஸ்' வெளியிட்டார். அதைத் தயாரித்தவர், பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளராக இருந்த ஜார்ஜ் மார்ட்டின். இத்தனை புதுவரவுகளுக்கு இடையே சென்ட்ரல் பார்க் பதிவு ஓரம் ஒதுங்கியதில் வியப்பில்லை.

ஓரம் ஒதுங்கியதைக் காப்பாற்றியவர்கள் ரசிகர்கள். இந்த ஐவர் குழு நீடித்தது இரண்டரை ஆண்டுகள்தான். அந்தக் காலத்தில் அவர்கள் இடைவிடாமல் வாசித்தார்கள். ரசிகர்கள் திருட்டுத்தனமாகவோ வானொலியிலிருந்தோ பதிந்த கச்சேரிகள் கேசட்டுகளாகக் கைமாறின. எந்த ஊரில், எந்த இரவில் எந்த உருப்படி எப்படி விரிந்தது என்று ஒப்பிடும் கூட்டம் ஒன்று உருவானது. அப்படி ஒப்பிட்டவர்களுக்கு அடிக்கல்லாக இருந்தது இந்த இசைத்தட்டே. ஏனென்றால் முதல் குழு இருந்த காலத்திலேயே, நிறுவனம் முறையாகப் பதிந்து வெளியிட்ட அவர்களுடைய மேடை இசைத்தட்டு இது ஒன்றுதான். வால்டர் கொலோஸ்கி இந்தக் குழுவைப் பற்றி எழுதி 2006இல் வெளிவந்த முழுநீள வரலாற்று நூல், அந்த ரசிகப் பற்றின் விளைச்சல்.

1999இல் நிலைமை மாறியது. கொலம்பியாவின் கிடங்கில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் பாப் பெல்டன் கண்டெடுத்த நாடாக்களிலிருந்து டிரைடன்ட் பதிவு 'தி லாஸ்ட் டிரைடன்ட் செஷன்ஸ்' என்ற பெயரில் வெளிவந்தது. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து மூல வடிவம் காதில் விழுந்தது. மேடைப் பதிவின் அவசியம் அதோடு தீர்ந்துவிடும் என்று எண்ண இடமிருந்தது. நடந்தது வேறு. மூன்று உருப்படிகளின் சட்டகம் தெளிவாகத் தெரிந்த பிறகுதான், மேடையில் அந்தச் சட்டகத்தின் மேல் ஐவரும் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. 1973இல் இல்லாத அளவுகோல் 1999இல் கிடைத்தது. மேடைப் பதிவின் மதிப்பு அதனால் கூடியது.

2011இல் கொலம்பியாவின் முழுத் தொகுப்புப் பெட்டி வெளிவந்தபோது, சென்ட்ரல் பார்க்கில் வாசித்து 1973இல் விடுபட்ட உருப்படிகள் ஒரு தனித் தட்டாக அதில் சேர்ந்தன. முதல் இரண்டு இசைத்தட்டுகளின் 'ஒன் வேர்ட்', 'தி டான்ஸ் ஆஃப் மாயா' முதலானவை மேடையில் எப்படி உருமாறின என்பதற்கு அது நல்ல சாட்சி. 1973இலேயே இரட்டை இசைத்தட்டாக எல்லாவற்றையும் வெளியிட்டிருந்தால் விமர்சகர்களின் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும். புதிய மூன்றை மட்டும் தேர்ந்தது வியாபாரக் கணக்கு. அது இசைக்கு நியாயம் செய்யவில்லை.

மெக்லாஃப்லினின் அடுத்த அடி தமிழ் ரசிகர்களுக்கு நெருக்கமானது. பேரொலியை விட்டுவிட்டு, எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம், ராமநாதபுரம் வி. ராகவனின் மிருதங்கம் ஆகியவற்றோடு அவர் 'சக்தி' குழுவைத் தொடங்கினார். அதன் முதல் இசைத்தட்டும் மேடைப் பதிவுதான். 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவில் ஒரு கல்லூரியில் பதிவானது. அதுவும் வெளிவந்த காலத்தில் நிறுவனத்துக்குப் புரியாத ஒன்றாகவே இருந்தது. சக்தியில் கிடாரும் தாள வாத்தியமும் எதிரெதிரே நின்று வாசிக்கும் இடங்களைக் கேட்டுவிட்டு 'ட்ரீம்' பக்கம் திரும்பினால், விநாயக்ராமோடு பின்னால் நிகழ்ந்த உரையாடலை மெக்லாஃப்லின் காபமோடு முன்பே தொடங்கிவிட்டார் என்பது விளங்கும்.

ரிக் லேர்ட் எண்பதுகளில் இசையை விட்டுப் புகைப்படக்கலைக்குப் போனார். 2021 ஜூலையில் காலமானார். முதல் ஐவரும் மறுபடி ஒரே மேடையில் கூடும் வாய்ப்பு அதோடு முடிந்தது.

இந்தக் குழுவைப் புதிதாகக் கேட்க விரும்புகிறவர் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்'இல் தொடங்குவதே நல்லது. அடுத்து 'தி லாஸ்ட் டிரைடன்ட் செஷன்ஸ்'இல் 'ட்ரீம்' உருப்படியை ஒருமுறை கேட்டு அதன் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு சென்ட்ரல் பார்க் இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தை, 21 நிமிடமும் இடையில் நிறுத்தாமல், ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துக் கேட்கட்டும்.